முழங்கையில் மூன்று அழுத்து

எங்கள் முதலாளி கர்னல் விப்பிள் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் நாலு வருஷம் வெட்டிக்கொண்டு செத்தபோது அந்த மனுஷன் குதிரை லாடம் விற்றுக்கொண்டிருந்தார். என் புருஷன் டார்பி கெல்லஹரை ‘அயர்லாந்தின் இரும்புத் தூண்’ என்று ஊர் ஊராகக் கூவுவார். டார்பி பிறந்தது இங்கே அமெரிக்காவில்தான், வெர்மான்ட்டில், செயின்ட் ஆல்பன்ஸ் ரயில் கொட்டகைக்குப் பின்னால். எங்கள் குஸ்திக் கூடாரத்தில் கயிறும் கம்பமும் மட்டும்தான் நிஜம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமொன்றும் இல்லை, எட்டு வருஷம் அந்தப் பொய்யில்தான் என் அடுப்பு எரிந்தது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பொய்யைப் பற்றி. அதைச் சொன்னது நான், அதுவும் ஒரே வார்த்தையில்.

எங்களுடையது காலர்-முழங்கைக் குஸ்தி. எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரும் முரட்டுக் கித்தான் சட்டை போட்டிருப்பார்கள். வலது கையால் எதிராளியின் காலரைப் பிடிக்கணும், இடது கையால் அவன் முழங்கையை. அந்தப் பிடியை விடாமல் காலை வாரியோ இடுப்பில் ஏற்றியோ அவனைக் கீழே தள்ளணும். முதுகு தரையில் பட்டால் ஒரு சுற்று போச்சு. மூன்று சுற்றில் இரண்டை எடுத்தவன் ஜெயித்தவன். சட்டை தைப்பது, ஒட்டுப்போடுவது, துவைப்பது, வாசலில் மேசை போட்டு டிக்கெட் கொடுப்பது, அத்தனைக்கும் நான்தான். டார்பி குஸ்தி போடுவான், சாப்பிடுவான், தூங்குவான்.

கூட்டத்தைக் கூட்டித் தருவது என் தம்பி லான்டி ரோடன். என்னைவிட ஏழு வயது சின்னவன். ஒரு ஊருக்கு நாங்கள் போவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அவன் போய்விடுவான். வேறு பேர் வைத்துக்கொண்டு, பண்ணையிலோ ஆலையிலோ கூலிக்குச் சேர்ந்து, ஒழுங்காக வேலை செய்து ஊர்க்காரர்களின் பிரியத்தைச் சம்பாதித்துவிடுவான். அது அவனுக்குச் சிரமமே இல்லை. அவன் சிரித்தால் கடன்காரனும் சிரிப்பான். பிறகு நாங்கள் போய்க் கூடாரம் அடிப்போம். எங்கள் தூணைச் சாய்க்க இந்த ஊரில் ஆம்பிளை உண்டா என்று கர்னல் கேட்பார். ஊரே சேர்ந்து லான்டியை முன்னால் தள்ளும். முதல் சுற்றை லான்டி எடுப்பான், ஊர் கூத்தாடும், பந்தயம் ஏறும். அடுத்த இரண்டிலும் தோற்பான். ஊரை அடித்து உலையில் போடுகிற வேலைதான், அதற்கு வேறு பேர் வைக்க முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவன் உனக்கு யாரோ. தெருவில் எதிரே வந்தாலும் முகம் கொடுக்கக் கூடாது. அவனுக்குக் காய்ச்சல் என்றாலும் போய்ப் பார்க்கக் கூடாது. ஏமாந்தோம் என்று ஒரு ஊருக்குத் தெரிந்தால் கூடாரத்தைக் கொளுத்துவார்கள், ஆளைத் தாரில் முக்கி அனுப்புவார்கள். இரண்டு கூடாரங்களுக்கு அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிடியில் இருக்கும்போது பேச முடியாதில்லையா, அதற்கு லான்டிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். முழங்கையைப் பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால், நீ விழு. இரண்டு அழுத்தினால், நான் விழுகிறேன். மூன்று அழுத்தினால், எனக்கு நிஜமாகவே அடிபட்டுவிட்டது, உடனே விடு. மூன்றை யாரும் சும்மா அழுத்துவதில்லை. எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை டார்பி அழுத்தினான், விலா எலும்பு முறிந்தபோது. லான்டி அந்தக் கணமே விட்டுவிட்டு, தானே வழுக்கி விழுந்த மாதிரி நடித்துக் காப்பாற்றினான்.

அந்த ஜூலையில் பெல்டன் என்ற மலை ஊருக்குப் போனோம். புல் அறுத்துக் காயவைக்கிற காலம். லான்டி அங்கே டட்டன் பண்ணையில் எஸ்ரா ஹோப் என்ற பேரில் கூலிக்கு இருந்தான். வழக்கம்போல முதல் சுற்றை எடுத்தான். இரண்டாவதில் விழும்போது ஒரு மாதிரியாக விழுந்தான், தோள் மடங்கி, கழுத்து ஒருபக்கம் போய். எழுந்து சட்டையை உதறிச் சிரித்தான். சரி, ஒன்றுமில்லை போல என்று விட்டுவிட்டேன். மூன்றாவதுக்குப் பிடி போட்டு நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தன், இது குஸ்தியா கல்யாண நடனமா என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ஊருக்குச் சந்தேகம் வந்தால் முதலில் அந்தச் சிரிப்புதான் வரும். கர்னல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், சீக்கிரம் முடி என்று அர்த்தம். டார்பி லான்டியை இடுப்பில் ஏற்றி அடித்தான். அது நடிப்பு அடி இல்லை. தலைதான் முதலில் தரையில் பட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. மாவு மூட்டையை இறக்கிவைக்கிற சத்தம்தான். லான்டி எழுந்திருக்கவில்லை. அவனைத் தூக்கி வெளிக்காற்றில் என் மேசைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். கான்ஸ்டபிள் சுற்றிலும் பார்த்துவிட்டு முதலில் என்னிடம்தான் கேட்டார்.

“ஏம்மா, நீங்க ஊரெல்லாம் சுத்தறவங்க. இந்தப் பையனோட ஆளுங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. எட்டு வருஷப் பழக்கம், தும்மல் மாதிரி தானாக வந்துவிட்டது. சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். லான்டியின் கண் திறந்திருந்தது. அது என் முகத்தின் மேலேயே இருந்தது. பிறகு டட்டன் வீட்டு வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் கம்பத்தைப் பிடுங்கிவிட்டோம்.

பெல்டனில் ஒரு கூலியாள் குஸ்தியில் அடிபட்டு இறந்துபோனதாகவும், ஊரே கூடி அவனை அடக்கம் செய்ததாகவும் அடுத்த வாரத்துப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. எஸ்ரா ஹோப் என்று போட்டிருந்தது. ஐரிஷ்காரர்கள் நாங்கள் செத்தவனைத் தனியாக விடமாட்டோம். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, புகையிலையும் விஸ்கியும் வைத்து, அவனுடைய கூத்துகளைச் சொல்லிச் சிரித்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, ஜெபமாலை சொல்லித்தான் அனுப்புவோம். என் தம்பிக்குப் பாதிரியார் கூட வரவில்லை. கத்தோலிக்கப் பிள்ளையை யாரோ ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் வேறு ஒருத்தன் பேரைச் சொல்லிப் புதைத்துவிட்டார். அதைப் படித்த அன்று மத்தியானம் நான் வழக்கம்போல டிக்கெட் கொடுத்தேன். எனக்கே என்னைப் பார்த்தால் காறித் துப்பணும் போல இருந்தது.

ஆகஸ்டில்தான் ஆரம்பித்தது. முன்னால் போக ஆள் இல்லாததால் அந்தந்த ஊரில் கை தூக்குகிறவனோடு நிஜமாகவே குஸ்தி போட்டோம். டார்பி அதற்குப் பயப்படுகிறவன் இல்லை. முதல் ஆள் ஒரு கம்பளி ஆலைக்காரன், தடியன், குஸ்தி என்றால் என்னவென்று தெரியாது. பிடி போட்டார்கள். டார்பியின் முகம் வெளுத்தது. சட்டென்று இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனான். ஆலைக்காரன் அவனை மல்லாத்திவிட்டான். இரண்டாவது சுற்றிலும் அதே கதை. என்னய்யா ஆச்சு என்று கேட்டதற்கு, கை வழுக்கிடுச்சு என்றான்.

அடுத்த ஊரில் தோல் பதனிடுகிறவன் ஒருத்தன். அங்கேயும் டார்பி பிடியை விட்டான். கர்னல் வண்டிக்குள் கூப்பிட்டுக் கத்தினார். எதிராளி ரகசியக் குறியை அழுத்தினான் என்று டார்பி சொன்னதும், குறியை வெளியே விற்றது யார் என்று என்னைத்தான் முறைத்தார். உங்க கர்னல் பட்டத்தை வித்தாலே நாலு காசு தேறாது, இதை எவன் வாங்குவான் என்று கேட்டேன். இனி முன்னால் போக ஆள் கிடைத்தாலும் அழுத்தே கிடையாது, குறியெல்லாம் காலால்தான் என்று உத்தரவு போட்டார். யாரோ எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் உளவு சொல்கிறான் என்று நானும்தான் நம்பினேன்.

மூன்றாவது ஆள் மரம் வெட்டுகிறவன். பிடி போட்டு மூச்சு விடுவதற்குள் டார்பி கையை உதறிக்கொண்டு வளையத்தை விட்டே வெளியே போய்விட்டான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அந்த மரவெட்டியிடம் போனேன். யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது, எத்தனை தடவை அழுத்தினாய், உண்மையைச் சொல் என்று பிடித்துக்கொண்டேன். அவன் பாவம், திருதிருவென்று முழித்தான். பிறகு இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் கட்டைவிரலே இல்லை. ரம்பத்தில் போய் ஆறு வருஷம் ஆச்சாம்.

“அழுத்தறதுக்கு எனக்கு ஏதும்மா விரலு? ஆனா ஒண்ணு சொல்றேன். அவரு முழங்கையை நான் புடிச்சதும் என் கை மரத்துப்போச்சு. குளத்துல ஐஸ் வெட்டறப்ப ஆகுமே, அப்படி. இதோ, இன்னும் சரியாகல.”

ஆகஸ்ட் மாத உச்சி வெயில். அவன் விரல் நகமெல்லாம் நீலமாக இருந்தது.

கூடாரத்துக்குப் பின்னால் போய் டார்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலது முழங்கையின் உள்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலத் தழும்பு. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் இன்னொன்று என் மண்டையில் உறைத்தது. மூன்று வாரமாக அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறேன். கழுத்து காய்கிறது, முதுகு காய்கிறது, வலது முழங்கை மட்டும் எவ்வளவு வெயிலில் போட்டாலும் ஈரமாகவே இருக்கிறது. கித்தான் கனமாயிருப்பதால் என்று நினைத்திருந்தேன்.

தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் சட்டையை அலசிக்கொண்டே கேட்டேன்.

“அன்னிக்கு மூணாவது சுத்துல லான்டி உன்னை எத்தனை தடவை அழுத்தினான்?”

கல்லுளிமங்கன் மாதிரி பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ், உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை?”

“மூணு,” என்றான். “மூணு தடவை அழுத்தினான் நோனி. நல்லாத் தெரிஞ்சுது. கூட்டம் சிரிச்சுது, கர்னல் தொப்பியைக் கழட்டிட்டாரு. ஒரே ஒரு அடி, அதோட முடிஞ்சிடும், அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சிட்டேன்.”

கையிலிருந்த ஈரச் சட்டையாலேயே அவன் முகத்தில் அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் வருகிற அத்தனை சாபத்தையும் கொட்டினேன். அந்தப் பிள்ளை உனக்காகத் தன் மானத்தையே விட்டுக்கொடுத்து விழுந்தானே, உனக்கு அவன் உயிர் அவ்வளவு இளப்பமாகப் போச்சா என்று கேட்டேன். டார்பி தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“நான் பண்ணினது கொலைதான், இல்லேங்கல. ஆனா அவன் கண்ணு முழிச்சுக் கெடந்தப்ப, யாருன்னே தெரியாதுன்னு சொன்னது நீ.”

பம்புக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் கை நாளுக்கு நாள் மோசமாயிற்று. கோப்பையைப் பிடித்தால் நழுவியது. பொத்தான் போட நான் வரவேண்டியிருந்தது. ஒரு மருத்துவர் நரம்பு என்றார், இன்னொருத்தர் வாதம் என்றார். இரண்டு பேருமே அந்த நீலத் தழும்பைத் தொட்டதும் தங்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படியே போனால் குளிர்காலத்துக்குள் கையை எடுக்கவேண்டி வரும் என்றார் இரண்டாமவர்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, கூடாரத்தில் யாரும் இல்லாத நேரம். இதெல்லாம் குற்றம் செய்தவன் மனசு பண்ணுகிற வேலையோ என்று எனக்கு இன்னும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. டார்பியை வளையத்துக்குள் நிறுத்தினேன். லான்டியின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன், முழங்காலுக்கு மேலே தொங்கியது. வலது கையால் அவன் காலரைப் பிடித்தேன். இடது கையால் முழங்கையை. கித்தான் வழியாகக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர் ஏறியது. என் கையை நான் அசைக்கவில்லை, ஆண்டவர் சாட்சி. என் கைமேல் இன்னொரு கை வந்து மூடியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கனம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். அது என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று.

டார்பி அழுதுவிட்டான். நான் அழவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? எத்தனை நாளாக இவன் கத்திக்கொண்டிருக்கிறான், எனக்கு அடிபட்டுவிட்டது, விடுங்கள், விடுங்கள் என்று. கேட்க வேண்டிய இரண்டு பேரும் கேட்காததால் போகிறவன் வருகிறவன் கையிலெல்லாம் ஏறிக் கத்துகிறான். அவனைத் தேடிப் போய் அவன் பேரைச் சொல்லணும். ஊரார் முன்னால், அவன் என் தம்பி என்று சொல்லணும். பாதிரியாரை வைத்து நம்முடைய கத்தோலிக்கக் கல்லறையில் படுக்கவைக்கணும். அவ்வளவு செய்தால்தான் டார்பிக்குக் கை மிஞ்சும், எனக்கு என் தம்பி மிஞ்சுவான்.

தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றான் டார்பி. போட்டால் தொங்கு, நானும் பக்கத்தில் தொங்குகிறேன் என்றேன். கர்னலிடம் சொன்னோம். உங்களுக்குப் பைத்தியம், இனி என் கூடாரத்துப் பக்கம் வராதீர்கள் என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. செயின்ட் ஆல்பன்ஸ் போய்ப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டு, உடலை எடுத்துவரக் கடிதமும் வாங்கிக்கொண்டு அக்டோபரில் பெல்டனுக்குப் போனோம்.

முதலில் கல்லறைக்குத்தான் போனோம். மேட்டில் நல்ல இடம், பக்கத்தில் மேப்பிள் மரம் சிவந்து நின்றது. கல் வைத்திருந்தார்கள், பளிங்கில். ‘எஸ்ரா ஹோப். அந்நியனாய் வந்தான், எங்களவனாய் உறங்குகிறான்’ என்று வெட்டியிருந்தது. யாரோ அன்று காலையில்தான் பூ வைத்திருக்கிறார்கள். என் தம்பிக்கு நான் வைக்காத பூ.

சனிக்கிழமை மத்தியானம் என்பதால் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் கடையில் அடுப்பைச் சுற்றி இருந்தார்கள், கான்ஸ்டபிளும் இருந்தார். நான் நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பேர் லான்டி ரோடன். எங்களுடைய ஆள். உங்களை ஏமாற்ற வந்தவன். மூன்று சுற்றும் முன்கூட்டியே பேசிவைத்தது. அவன் என் கூடப் பிறந்தவன். சொல்லிமுடித்ததும் டார்பி முன்னால் வந்து, நான் தெரிந்தேதான் அடித்தேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு கிழவர் வாயிலிருந்து புகையிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

“ஜூலையில கூடாரத்துக்கு டிக்கெட் வித்தீங்க. இப்ப கல்லறைக்கும் விக்க வந்துட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். சத்தியம் என்றேன், பாதிரியாரின் கடிதத்தைக் காட்டினேன். கூத்தாடிகள் கையில் எந்தக் கடிதம்தான் இருக்காது என்றார்கள். எஸ்ரா எங்கள் ஊர் மானத்துக்காக நின்றவன், நேர்மையாகத் தோற்றவன், அவனைத் திருட்டுப்பயல் என்றா சொல்கிறாய் என்று ஒருத்தன் மேலே பாய வந்தான். கான்ஸ்டபிள் எங்களுக்குக் குறுக்கே வந்து நின்றார். செத்தவனை அவதூறு பேசியதற்கு உள்ளே தள்ளுவதற்குள் கிளம்பிவிடுங்கள் என்றார். டார்பி, அய்யா நான்தான் கொன்றேன் என்று கெஞ்சினான். நானும்தான் பார்த்தேன், அது சுத்தமான அடி, போ என்றார். எட்டு வருஷம் வாயைத் திறந்தாலே நம்பியது உலகம். ஒரு நாள் உண்மை பேசினோம், அடித்து விரட்டியது.

வண்டி பிடிக்க நின்றபோது ஒரு வயதான அம்மாள் வந்து, தன்கூட வரச்சொன்னாள். அக்சா டட்டன். லான்டி வேலை செய்த பண்ணை வீட்டு அம்மாள். சமையலறையில் உட்காரவைத்து, ஆப்பிள் பலகாரம் வெட்டி வைத்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூக்கும் தாடையும் அவனோடதுதான்,” என்றாள். “நீ சொன்னது நெஜமா இருக்கலாம். அதான் கூப்பிட்டேன். அவன் உடனே சாகல, தெரியுமா? இந்த ரூம்லதான் மூணு நாள் கெடந்தான்.”

பத்திரிகையில் அது இல்லை. மூன்று நாள் என் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான், இரண்டு ஊர் தள்ளி நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பேசினானா என்று கேட்டேன்.

“கழுத்துக்குக் கீழ எதுவும் அசையல. இடது கை கட்டைவிரலு மட்டும் அசைஞ்சுது. நான் கையைப் புடிச்சிட்டு ஒக்காந்திருப்பேன். விட்டு விட்டு அழுத்துவான். மூணு மூணா அழுத்துவான். தாகம்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் தண்ணி குடுத்தேன். அவனும் குடிச்சான்.”

டார்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“ரெண்டாவது நாள் நல்லா நெனப்பு வந்துச்சு,” என்றாள் அக்சா டட்டன். “வண்டியில ஏத்தறப்ப நான் உன்னைப் பாத்திருந்தேன்மா. மேசைக்குப் பின்னால நின்னே. அந்த முகம் மறக்கல. அதனால அவன்கிட்டயே கேட்டேன். ஏம்ப்பா எஸ்ரா, அந்தக் கூடாரத்துக்காரங்க ஒனக்கு ஏதாவது ஒறவா, ஆள் அனுப்பட்டுமான்னு. ரயில்ல போனா ஒரே நாள்ல கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

“என்ன சொன்னான்?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னான். கோவமால்லாம் சொல்லல. நல்லா யோசிச்சுட்டுத்தான் சொன்னான். அதுக்கப்புறம் அழுத்தறதையும் விட்டுட்டான்.”

அன்று சாயந்தரம் ரயிலில் டார்பி தன் வலது கையை விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே வந்தான். தழும்பு வெளிறியிருந்தது. வீடு சேருவதற்குள் சூடு வந்துவிட்டது. கர்னல் எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், ஜெயிக்கிற தூணை யார் வேண்டாம் என்பார்கள்? இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எத்தனையோ பேர் டார்பியின் முழங்கையைப் பிடித்துவிட்டார்கள், ஒருத்தன் கையும் அழுத்தவில்லை. சட்டையும் ஒரே வெயிலில் காய்ந்துவிடுகிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே எத்தனையோ தடவை அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெறும் கித்தான்தான் இருக்கிறது.

நம்மைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான், தொழில் சட்டத்தைச் சாகும்போதும் காத்தான், நம்மை மன்னித்துவிட்டான், அதனால்தான் போய்விட்டான் என்கிறான் டார்பி. நான் வாதாடுவதில்லை. நான் சொன்ன அதே வார்த்தை அவன் வாயிலிருந்து எங்கள் காதுக்கு வந்து சேரும்வரைதான் அவன் அழுத்தினான் என்று எனக்குப் படுகிறது. மன்னிக்கவேண்டும் என்றாலும், நாங்கள் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.